குங்ஃபூ கற்றுக்கொள்ளப் போகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

குங்ஃபூ கிளாஸில் சேர நினைக்கிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, எந்த ஸ்டைல் பவர்ஃபுல் என்பதுதான். எந்த மாஸ்டரைக் கேட்டாலும் அவர் கற்றுக்கொடுக்கும் ஸ்டைல்தான் என்பார். கூடவே ஒரு கதையும் வரும். ஆயிரத்து ஐந்நூறு வருடப் பழமை, ஷாவோலின் கோயில், ஒரே ஒரு சீடனுக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்த வித்தை, அது எப்படியோ கடல் தாண்டி வந்து உங்கள் தெருமுனைக் கல்யாண மண்டப மொட்டைமாடியில் மாதக் கட்டணத்துக்குக் கிடைக்கிறது. அதனால்தான் வழிகாட்டிக் கட்டுரை என்று பெயர் வைத்துவிட்டு வரலாற்றுக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறேன். ஒரு ஸ்டைல் எங்கே, எப்போது, யாருக்காக உருவானது என்று தெரிந்தால் அது உங்களுக்கு ஒத்துவருமா என்று ஓரளவு சொல்லிவிடலாம், கதை அளக்கிற மாஸ்டரையும் சீக்கிரமே அடையாளம் கண்டுவிடலாம்.

முதல் படி: எதற்காக என்று முடிவு செய்யுங்கள்

உடம்பு ஆரோக்கியம், சண்டை, மேடைப் போட்டி, ஒரு பழைய கலையின் மேல் உள்ள ஆசை. பொதுவாக இந்த நான்கில் ஒன்றுக்காகத்தான் வருகிறார்கள். நான்கும் ஒரே கிளாஸில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். சாண்டா என்ற குத்து, உதைச் சண்டைப் போட்டிக்குத் தயாராகிறவரின் பயிற்சியும், அறுபது வயதில் முழங்காலைக் காப்பாற்றிக்கொள்ள வருகிறவரின் பயிற்சியும் ஒன்றாக இருக்க முடியாது. ஒரு காகிதத்தில் ஒரே வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாம் படி: கதையையும் வரலாற்றையும் தனித்தனியாக வையுங்கள்

போதிதர்மரிடமிருந்தே தொடங்கலாம், தமிழ்நாட்டில் அந்தப் பெயர் வராமல் குங்ஃபூ பேச்சே கிடையாது. 2011ல் வந்த ஒரு பெரிய படத்துக்கு அப்புறம், காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் சீனாவுக்குப் போய் ஷாவோலின் துறவிகளுக்குச் சண்டை கற்றுக்கொடுத்தார் என்பது பள்ளிப் பாடம் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு, லுவோயாங் நகரத்துப் பௌத்த மடங்களைப் பற்றி 547ஐ ஒட்டி எழுதப்பட்ட ஒரு நூலில் இருக்கிறது, அதில் அவர் பாரசீகத்திலிருந்து வந்த துறவி. தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்பது அவருடைய சீட மரபில் எழுதப்பட்ட இன்னொரு குறிப்பு. காஞ்சிபுரமும் பல்லவரும் அதற்கும் பிறகு வந்து சேர்ந்தவை. தென்னிந்தியர் என்றே வைத்துக்கொள்வோம், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, கொஞ்சம் பெருமைகூட. ஆனால் இந்தப் பழைய நூல்களில் அவர் தியானம் செய்கிறார், போதிக்கிறார், யாருக்கும் குத்துவிடக் கற்றுக்கொடுக்கவில்லை.

அவரை உடற்பயிற்சியோடு முடிச்சுப் போட்டது யிஜின்ஜிங் என்ற தசைநார்ப் பயிற்சி நூல். அதில் உள்ள தேதி 1624. அதாவது போதிதர்மருக்குப் பிறகு ஆயிரம் வருடத்துக்கும் மேல். பழையது என்று காட்டுவதற்காக ஏழாம் நூற்றாண்டுத் தளபதி லி ஜிங் பெயரில் ஒரு முன்னுரையும் சேர்த்திருந்தார்கள், அதில் இருக்கும் காலக்குழப்பமே குட்டை உடைத்துவிட்டது. தாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளர் 1930ஐ ஒட்டியே இதையெல்லாம் கிளறி எழுதிவிட்டார். அதற்குப் பிறகும் உலகம் முழுக்க குங்ஃபூ கிளாஸ் சுவர்களில் போதிதர்மர் படம் தொங்குகிறது. தொங்கட்டும், அழகான படம்தான்.

அப்படியானால் இந்தியத் தொடர்பே கிடையாதா? இருக்கிறது, பலரும் கண்டுகொள்ளாத இடத்தில். ஹெனான் மாகாணத்தில் டெங்ஃபெங் பக்கத்தில் உள்ள சோங் மலையில் ஷாவோலின் கோயிலை வட வேய் வம்சத்துப் பேரரசர் ஷியாவ்வென் 495ல் கட்டிக்கொடுத்தது பாதுவோ என்ற இந்தியத் துறவிக்காக. கோயிலின் முதல் தலைமைத் துறவி அவர்தான். படம் எடுக்க அவரிடம் கதை இல்லை போலிருக்கிறது.

சண்டைக் கலை அங்கே பிறந்ததும் இல்லை. முதலாம் நூற்றாண்டில் தொகுத்த ஹான் வம்ச வரலாற்று நூலின் நூற்பட்டியலிலேயே ஷோபோ என்ற வெறுங்கைச் சண்டை பற்றி ஆறு அத்தியாயம் கொண்ட நூல் ஒன்று இருக்கிறது. பெயர் மட்டும்தான் மிச்சம், நூல் தொலைந்துவிட்டது. ஆனால் போதிதர்மர் வருவதற்கு நானூறு வருடம் முன்பே அதைப் பற்றி எழுதும் அளவுக்குக் கலை வளர்ந்திருந்தது என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஷாவோலின் துறவிகள் உண்மையிலேயே சண்டை போட்டவர்கள்தான், அது கதை இல்லை. 621ல் பின்னாளில் தாங் பேரரசரான லி ஷிமின் பக்கம் நின்று, ஆட்சிக்குப் போட்டியாக இருந்த வாங் ஷிச்சோங்குக்கு எதிராகப் போரில் இறங்கினார்கள். அதற்காகப் பரிசு பெற்ற பதின்மூன்று துறவிகளின் பெயர் 728ல் நிறுவிய கல்வெட்டில் இருக்கிறது, கல்வெட்டு இன்றும் கோயிலில் நிற்கிறது. ஆனால் எந்த ஸ்டைலில் சண்டை போட்டார்கள் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. அதற்கு அப்புறம் மிங் காலத்தில்தான் தெளிவான செய்தி கிடைக்கிறது. 1550களில் கடற்கொள்ளையரை அடிக்கத் துறவிகளை அழைத்திருக்கிறார்கள், அப்போது ஷாவோலினுக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது கம்பு. வெறுங்கை வித்தை அங்கே பெரிதாக வளர்ந்தது பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில்தான்.

அதே காலத்தில் ச்சீ ஜிகுவாங் என்ற தளபதி தன் படைவீரர்களுக்காக ஒரு பயிற்சி நூல் எழுதினார், அதில் வெறுங்கைச் சண்டைக்கு 32 நிலைகள் கொடுத்திருக்கிறார். பெரும் படைகள் மோதும்போது இது பெரிதாக உதவாது, ஆனால் கை கால்களைப் பழக்குவதற்கும் புதிதாகக் கற்கிறவர்கள் உள்ளே நுழைவதற்கும் இதுதான் வாசல் என்று அவரே சொல்லிவிடுகிறார். எனக்கு மிகவும் பிடித்த குங்ஃபூ ஆசிரியர் இவர்தான். தன் சரக்கைத் தானே குறைத்துச் சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

தெற்குப் பக்கம் போனால் இன்னொரு கதை. ஃபூஜியானில் ஒரு தென் ஷாவோலின் கோயில் இருந்தது, ச்சிங் அரசு அதை எரித்தது, தப்பிய ஐந்து பெரியவர்கள் தெற்கு முழுக்க வித்தையைப் பரப்பினார்கள் என்பது. விங் சுன், ஹங் கார் என்று தெற்கத்தி ஸ்டைல்களில் பாதிக்கு மேல் தங்கள் தோற்றத்தை இந்தத் தீயில்தான் வைக்கின்றன. இது ச்சிங் அரசுக்கு எதிராக இயங்கிய தியாந்திஹுய் என்ற ரகசியச் சங்கத்தின் தோற்றக் கதையோடு அப்படியே ஒட்டிப்போகிறது, சான்று என்று பார்த்தால் கை விரிக்க வேண்டியதுதான். இப்போது புத்தியான், ச்சுவான்சோ, ஃபூச்சிங் என்று மூன்று ஊர்கள் அந்தக் கோயில் எங்களிடம்தான் இருந்தது என்று போட்டி போடுகின்றன, சுற்றுலா வருமானம் சும்மாவா!

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், மாஸ்டர் இந்தக் கதைகளைச் சொல்வதில் தவறே இல்லை, மரபுக்குக் கதை வேண்டும். ஆனால் அவர் அதைக் கதை என்று தெரிந்து சொல்கிறாரா, சத்தியம் பண்ணிச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். தன் குருவுக்குக் குரு யார், எந்த ஊர், எந்த வருடம் என்று மூன்று தலைமுறை வரை தெளிவாகச் சொல்லிவிட்டு, அதற்கு மேல் மரபு இப்படிச் சொல்கிறது என்கிறவர் நல்லவர். நேற்றைய குருவின் பெயரைச் சொல்லாமல் நேராகப் போதிதர்மருக்குப் போகிறவரிடம் ஜாக்கிரதை.

கிட்டத்து வரலாற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். 1900ல் சீனாவில் வெளிநாட்டவரை எதிர்த்துக் கிளம்பிய பாக்ஸர் கலகக்காரர்கள் சடங்கும் மூச்சுப் பயிற்சியும் செய்தால் துப்பாக்கிக் குண்டு உடம்பில் ஏறாது என்று நம்பிப் போனார்கள், குண்டு ஏறியது. அந்த அடிக்குப் பிறகுதான் சண்டைக் கலையை நவீன உடற்கல்வியாக மாற்றும் முயற்சிகள் வந்தன. ஹுவோ யுவான்ஜியா என்ற சண்டைக்கலை மாஸ்டரின் பெயரோடு சேர்ந்த ஜிங்வு சங்கம் 1910ல் ஷாங்காயில் தொடங்கியது, ரகசியம் எல்லாம் வேண்டாம், யார் வந்தாலும் கற்றுக்கொடுப்போம் என்றார்கள். 1928ல் நான்ஜிங்கில் அரசு ஆதரவோடு மத்திய தேசியக் கலைக் கழகம் வந்தது. அதே 1928ல் ஷி யோசான் என்ற போர்ப்பிரபு ஷாவோலின் கோயிலுக்குத் தீ வைத்தார். 1949க்குப் பிறகு மக்கள் சீனம் பழைய ஸ்டைல்களிலிருந்து எடுத்துத் தொகுத்து, மதிப்பெண் போடக்கூடிய விளையாட்டாக வூஷுவை உருவாக்கியது. பழைய மாஸ்டர்கள் பலர் ஹாங்காங், தைவான், தென்கிழக்கு ஆசியா என்று போய்விட்டார்கள். இன்று நீங்கள் சேரும் கிளாஸ் அநேகமாக இந்த இரண்டு ஓட்டங்களில் ஒன்றாகத்தான் இருக்கும், எது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: வகைகளைப் புரிந்துகொள்ளுங்கள்

சீனாவில் ஒரு பழமொழி உண்டு, தெற்கே கை, வடக்கே கால். யாங்சி நதியைக் கோடாக வைத்துப் பிரிப்பார்கள். வடக்கத்தி ஸ்டைல்களில் நீண்ட அடி, உயரமான உதை, தாவல், நிறைய நகர்வு. தெற்கத்தி ஸ்டைல்களில் கால் தரையில் ஊன்றியிருக்கும், கை குட்டையாக, வேகமாக வரும், உதை இடுப்புக்கு மேல் போவது குறைவு. வடக்கே சமவெளி, தெற்கே படகும் சந்தும், அதனால்தான் இப்படி என்று ஒரு விளக்கம் சொல்வார்கள், கேட்க நன்றாக இருக்கும், அதற்கு மேல் நம்ப வேண்டாம். தெற்கத்தி சாய் லீ ஃபுட்டில் கையை வட்டமாக வீசி தூரத்திலிருந்தே அடிப்பார்கள், வடக்கத்தி பாஜிச்சுவானில் முழங்கையும் தோளும் உரசும் தூரத்துக்கு உள்ளே புகுந்து இடிப்பார்கள்.

இன்னொரு பிரிவு உள்முகம், வெளிமுகம். தாய் சி, பாகுவா, ஷிங்யி மூன்றும் உள்முகம், ஷாவோலின் வகையறா வெளிமுகம் என்பது வழக்கம். 1669ல் ஹுவாங் சோங்ஷி என்ற அறிஞர் எழுதிய ஒரு கல்லறைக் குறிப்பில்தான் இந்தப் பிரிவினை முதலில் வருகிறது. வெளியிலிருந்து வந்து சீனாவை ஆண்ட மஞ்சுக்களின் ச்சிங் ஆட்சியை வெறுத்தவர் அவர், ஆகவே வெளியிலிருந்து வந்ததைவிட நம் மண்ணில் பிறந்தது உயர்ந்தது என்ற அரசியலும் அதில் இருந்தது என்று படிக்கிறவர்கள் உண்டு. நடைமுறையில் இந்தப் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். உள்முகம் என்றதும் மெதுவாக, மென்மையாக இருக்கும் என்று நினைத்து ஷிங்யி கிளாஸுக்குப் போனவர்களுக்கு முதல் வாரத்திலேயே தோள்பட்டை கழன்றுவிடும்.

நான்காம் படி: ஸ்டைல்களை ஒரு சுற்றுப் பாருங்கள்

எல்லாவற்றையும் சொல்ல முடியாது, நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வெளியே கிளாஸாகக் கிடைக்க வாய்ப்புள்ளதை மட்டும் சொல்கிறேன்.

தாய் சி. ஹெனானில் வென் மாவட்டத்துச் சென் குடும்பக் கிராமமான சென்ஜியாகோவில், பதினேழாம் நூற்றாண்டில் சென் வாங்டிங் என்ற பழைய படைவீரரிடமிருந்து இது தொடங்கியதாகச் சொல்வார்கள். தளபதி ச்சீயின் 32 நிலைகளில் நிறைய இதிலும் அப்படியே இருக்கின்றன. சாங் சான்ஃபெங் என்ற வூடாங் மலைத் தாவோ முனிவர் பாம்பும் பறவையும் சண்டை போடுவதைப் பார்த்து உருவாக்கினார் என்பது இன்னொரு கதை, அதைப் போதிதர்மர் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். சென் குடும்பத்திடம் கற்ற யாங் லுச்சான் (1799–1872) அதை பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார், அங்கிருந்து யாங், வூ, சுன் என்று கிளைகள் பிரிந்தன. பூங்காக்களில் வயதானவர்கள் செய்வது பெரும்பாலும் யாங் பாணி, அல்லது 1956ல் அரசு சுருக்கிக் கொடுத்த 24 அசைவுத் தொகுப்பு. வயதானவர்கள் தடுமாறி விழுவதை இது குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, ஆகவே அம்மா அப்பாவுக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு யாங் பாணி. இளவட்டத்துக்குச் சென் பாணி பிடிக்கும், அதில் திடீரென்று வெடிக்கிற அடி, தரையை மிதிக்கிற அதிர்வு எல்லாம் உண்டு. சண்டைக்காகத்தான் தாய் சி என்றால், இரண்டு பேர் கை உரசித் தள்ளும் துய்ஷோ பயிற்சி அந்தக் கிளாஸில் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் அது உடற்பயிற்சி கிளாஸ், அந்த நினைப்போடு சேரலாம்.

விங் சுன். குவாங்டாங்கின் ஃபோஷான் நகரத்து மரபு. அங்கே பிறந்த இப் மேன் (1893–1972) கடைசியில் ஹாங்காங்கில் கற்றுக்கொடுத்தார், அவரிடம் கற்ற ஒரு இளைஞர் புரூஸ் லீ, மீதி உங்களுக்கே தெரியும். ங் முய் என்ற பிக்குணி உருவாக்கி யிம் விங் சுன் என்ற பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தார் என்பது தோற்றக் கதை. புதியவர்களுக்கு இதன் பெரிய வசதி, பாடம் சின்னது. வெறுங்கைத் தொகுப்புகள், அதாவது வரிசையாகச் செய்யும் அசைவுகள், மூன்றே மூன்று, அப்புறம் மரப்பொம்மை, நீளக் கம்பு, பட்டாம்பூச்சிக் கத்தி. தாவல் கிடையாது, உயரமான உதை கிடையாது, சின்ன அறை போதும், நாற்பது வயதில் தொடங்கினாலும் சிரமமில்லை. சி சாவ் என்று கையோடு கை ஒட்டிப் பழகுவதில்தான் ருசியே இருக்கிறது. ஆனால் அதிலேயே மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. கை ஒட்டியிருக்கும்போது அழகாகச் செய்கிறவர், தூரத்திலிருந்து ஒரு பாக்ஸர் பாய்ந்து வந்தால் திணறிப்போவார். நல்ல மாஸ்டர் இதைத் தானே சொல்லி அதற்கும் பழக்குவார்.

ஹங் கார். ஃபோஷானின் இன்னொரு புகழ், வோங் ஃபெய் ஹுங் பெயரோடு சேர்ந்தது. மருத்துவரும் மாஸ்டருமாக இருந்தவர், அவர் பெயரில் வந்த படங்களை எண்ணி மாளாது. தாழ்ந்த நிற்பு, கனமான கை, புலியும் கொக்கும் சேர்ந்த தொகுப்பு, மூச்சை இறுக்கிச் செய்யும் இரும்புக் கம்பித் தொகுப்பு. தொடை எரியும். பலம் ஏற வேண்டும், பழைய மரபின் சுவையும் வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்லது எனக்குத் தோன்றவில்லை.

சாய் லீ ஃபுட்டை சன் ஹியுங் என்பவர் 1836ல் குவாங்டாங்கின் சின்ஹுயி பகுதியில் தொடங்கினார், வருடம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஸ்டைல் குறைவு. ஃபூஜியானின் வெள்ளைக் கொக்கு, ஒகினாவா தீவுக்குப் போய் கராத்தேவுக்கு உரமானது. நம் ஊரில் கராத்தே கற்றுவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்கள் இதைப் பார்த்ததும் சில கட்டாக்களை, அதாவது கராத்தேயின் அசைவுத் தொகுப்புகளை, அடையாளம் கண்டுகொள்வார்கள். ஃபூஜியானிலிருந்தே போன ஐந்து முன்னோர் ஸ்டைல் மலேசியா, சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ் பக்கம் பரவலாக இருக்கிறது. அங்கே இருக்கிற தமிழர்களுக்கு நம் ஊர்க்காரர்களுக்கு இல்லாத வசதி இது. ஜிங்வு சங்கத்தின் கிளைகளும் 1920களிலேயே அங்கே வந்துவிட்டன, சின் வூ என்ற பெயரில் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இன்றும் இருக்கின்றன, முதலில் அங்கே போய் விசாரியுங்கள்.

வடக்கில் பாகுவா ஒரு வட்டத்தில் நடந்துகொண்டே உள்ளங்கையால் அடிப்பது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோங் ஹாய்ச்சுவான் பெய்ஜிங்கில் பரப்பினார். வாரக்கணக்கில் சும்மா நடக்க வைப்பார்கள், பொறுமை இல்லாதவர்கள் பக்கத்தில் போக வேண்டாம். ஷிங்யி நேர்க்கோட்டில் முன்னால் போய்க்கொண்டே அடிப்பது, ஈட்டி வித்தையிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள், ஐந்தே ஐந்து அடிப்படை அடி. பாஜி, அதாவது மேலே சொன்ன பாஜிச்சுவான், ஹெபெய் மாகாணத்து மெங்சுன் பகுதியின் ஹுய் முஸ்லிம்களிடம் வளர்ந்தது, ஷாவோலின் துறவிகள் இல்லாமல் குங்ஃபூ இல்லை என்று நினைப்பவர்களுக்கு இந்தத் தகவல் உதவும். ஷான்டாங்கின் கும்பிடுபூச்சி ஸ்டைல் கொக்கி மாதிரி கையை வைத்துப் பிடித்து இழுத்து அடிப்பது, பார்க்கவே ஜோராக இருக்கும்.

போட்டிதான் வேண்டும் என்றால் நவீன வூஷு. இதில் இரண்டு பக்கம். ஒன்று தாவ்லூ, தனியாகச் செய்து காட்டி மதிப்பெண் வாங்குவது, ஜிம்னாஸ்டிக்ஸுக்கு நெருக்கம், பத்து வயதுக்குள் தொடங்கினால் நல்லது. இன்னொன்று சாண்டா, குத்து, உதை, தூக்கி எறிதல் மூன்றும் உள்ள முழுத் தொடர்புச் சண்டை. உயரமான மேடையில் நடக்கும், ஒரு சுற்றில் இரண்டு தடவை மேடையிலிருந்து கீழே விழுந்தால் அந்தச் சுற்று போய்விடும். மணிப்பூரின் நவோரம் ரோஷிபினா தேவி சாண்டாவில் 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் வெண்கலமும், 2023ல் நடந்த ஹாங்சோ போட்டியில் வெள்ளியும் வாங்கியிருக்கிறார், ஆகவே இந்தியாவில் இதற்கு வழி இருக்கிறது. சண்டை போடத் தெரிய வேண்டும் என்று முதல் படியில் எழுதியவர்கள், பக்கத்தில் சாண்டா கிளாஸ் இருந்தால் மற்றதை எல்லாம் மறந்துவிட்டு அதில் சேருங்கள். பிறகு பழைய ஸ்டைலுக்குப் போகலாம், அப்போது எது வேலை செய்யும் என்று உங்களுக்கே தெரியும்.

ஐந்தாம் படி: கிளாஸை நேரில் போய்ப் பாருங்கள்

ஸ்டைலைவிட மாஸ்டர் முக்கியம், மாஸ்டரைவிட அவருடைய மூன்று வருட மாணவர்கள் முக்கியம். மாஸ்டர் செய்து காட்டுவதைப் பார்க்காதீர்கள், அவர் முப்பது வருடம் செய்தவர், நன்றாகத்தான் செய்வார். ஓரமாக நிற்கிற பழைய மாணவர்களைப் பாருங்கள். அவர்கள் நிற்பு உறுதியாக இருக்கிறதா, ஜோடியாகப் பயிற்சி செய்யும்போது எதிராளி உண்மையிலேயே எதிர்க்கிறாரா, இல்லை கையை நீட்டிவிட்டுச் சிலை மாதிரி நிற்கிறாரா. எத்தனை பேருக்கு முழங்காலில் கட்டு என்றும் பாருங்கள்.

தொடாமலே ஆளைத் தள்ளிவிடும் ச்சி என்கிற உள்சக்தி காட்டினால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பலாம். 2017ல் செங்டு நகரில் ஷூ ஷியாவ்தோங் என்ற எம்எம்ஏ (பல கலைகளும் கலந்த சண்டைப் போட்டி) வீரர், தாய் சி மாஸ்டர் ஒருவரைச் சில விநாடிகளில் தரையில் சாய்த்த வீடியோ சீனா முழுக்கப் பெரிய சண்டையைக் கிளப்பியது. அதைப் பார்த்துவிட்டுப் பழைய ஸ்டைல் எல்லாமே வெத்துவேட்டு என்று சொல்வதும் அவசரம்தான். தன்னை எதிர்க்கிற ஆளோடு ஒருநாளும் பழகாதவர் எந்த ஸ்டைலில் இருந்தாலும் இப்படித்தான் விழுவார். 1954ல் மக்காவோவில் தர்மக் காரியத்துக்காக வூ பாணி தாய் சி மாஸ்டரும் திபெத்திய வெள்ளைக் கொக்கு மாஸ்டரும் மேடை ஏறி மோதினார்கள். பெரிய எதிர்பார்ப்பு, கடைசியில் நுணுக்கம் எல்லாம் காணாமல் போய் மூக்கில் ரத்தத்தோடு இரண்டாம் சுற்றிலேயே நிறுத்தி, வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை என்று அறிவித்தார்கள். அந்தப் பரபரப்பில் ஹாங்காங் பத்திரிகைகளில் வீரசாகசத் தொடர்கதைகள் களைகட்டின, அதுதான் நிகர லாபம்.

பெல்ட் விஷயத்திலும் உஷார். பழைய குங்ஃபூவில் கறுப்பு பெல்ட் கிடையாது. சீனா வூஷுவுக்கு ஒன்பது படிநிலை வைத்ததே 1990களில்தான். இடுப்பில் கலர் கலராகத் துணி கட்டுவது மற்ற கலைகளைப் பார்த்து வந்த வழக்கம், சிறுவர்களுக்கு உற்சாகம் தரும் என்றால் சரி. மூன்று மாதத்துக்கு ஒரு தேர்வு, தேர்வுக்குக் கட்டணம், சர்ட்டிஃபிகேட்டுக்குத் தனிக் கட்டணம் என்று போனால் அது கடை. ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், கட்டாதீர்கள், முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுங்கள்.

ஆறாம் படி: முதல் மூன்று மாதம்

மாபூ என்கிற குதிரை நிற்பில்தான் தொடங்கும். தோள் அகலத்தைவிடக் கால்களை அகட்டி, பாதம் முன்னால் பார்க்க, முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து நிற்பது. முதல் நாளே தொடை தரைக்கு இணையாக வர வேண்டும் என்று உட்காராதீர்கள். கொஞ்சம் உயரமாகவே நில்லுங்கள், அரை நிமிடம் போதும், வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றுங்கள். முழங்கால் எப்போதும் பாதவிரல் பார்க்கும் திசையிலேயே இருக்க வேண்டும், உள்ளே சரிந்தால் இன்று தெரியாது, பிறகு வலிக்கும். உடம்பு எடை ஒரு காலில் இருக்கும்போது அந்த முழங்காலைத் திருகாதீர்கள். தாய் சி மெதுவானது, பாதுகாப்பானது என்று நம்பி முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இந்த ஒரு விஷயத்தில்தான் கோட்டை விட்டிருப்பார்கள். விங் சுன்னில் பாதம் உள்பக்கம் திரும்பிய வேறு நிற்பு, அதை மாஸ்டர் பக்கத்தில் இருந்து திருத்தாமல் வீட்டில் செய்ய வேண்டாம்.

அப்புறம் முன்கால் மடக்கிப் பின்கால் நீட்டும் கோங்பூ என்கிற வில் நிற்பு, நேர்க்குத்து, இரண்டு மூன்று உதை, ஒரு தொகுப்பு. இவ்வளவுதான், மூன்று மாதத்துக்கு இது தாராளம். ஆறு தொகுப்பு கற்றுக்கொடுத்துவிட்டார் என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் உடம்பில் தங்கியிருக்காது. வீட்டில் தினமும் இருபது நிமிடம், அதில் பாதி நிற்புக்கு, பாதி தொகுப்புக்கு. தொகுப்பில் உள்ள ஒவ்வொரு அசைவும் எதற்கு என்று மாஸ்டரிடம் கேளுங்கள். சொல்லத் தெரிந்தவர் ஜோடி சேர்த்துச் செய்து காட்டுவார்.

பொருள் எதுவும் வாங்க வேண்டாம். பட்டுச் சட்டை, டிராகன் போட்ட வாள், மரப்பொம்மை எல்லாம் காத்திருக்கட்டும். அடி மெல்லிதாக உள்ள கேன்வாஸ் ஷூ ஒன்று போதும், சீனாவில் ஃபெய்யுவே பிராண்ட் ஷூ போட்டுக்கொண்டு செய்வார்கள், நம் ஊர் சாதாரண கேன்வாஸும் அந்த வேலையைச் செய்யும். ரன்னிங் ஷூ வேண்டாம், குதிகால் உயரமாக இருப்பதால் நிற்பு சரிந்துவிடும். ஆயுதம் என்று தொடங்கும்போது முதலில் கம்பைத்தான் தருவார்கள். சிலம்பம் தெரிந்தவர்களுக்குக் கைப்பிடி சீக்கிரம் பழகும், ஆனால் சுழற்றும் பழக்கத்தைக் கொஞ்சம் அடக்க வேண்டியிருக்கும், ஷாவோலின் கம்பில் குத்தும் வீச்சும்தான் அதிகம்.

ஏழாம் படி: சீனா போவது பற்றி

அவசரமில்லை, ஒரு வருடமாவது உள்ளூரில் பழகிவிட்டுப் போங்கள். டெங்ஃபெங்கில் பள்ளிகள் வரிசையாக இருக்கின்றன, 1978ல் தொடங்கிய ஷாவோலின் தகோ பள்ளியில் மட்டும் பல்லாயிரம் மாணவர்கள். இவற்றில் எதுவும் கோயில் ஆகாது, பெயரில் ஷாவோலின் இருப்பதால் துறவிகள் கற்றுக்கொடுப்பார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். அங்கே பெரும்பாலும் நவீன வூஷுவும் சாண்டாவும்தான், கடுமையாக இருக்கும், விடியும் முன்பே ஓட விடுவார்கள். தாய் சிக்காக என்றால் அதே ஹெனானில் சென்ஜியாகோ இருக்கிறது, சென் குடும்பத்தினர் இன்றும் அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். விங் சுன், ஹங் கார் ஆட்கள் ஹாங்காங் அல்லது ஃபோஷான் போக வேண்டும், வடக்கே போய் ஒரு பிரயோஜனமும் இல்லை. எங்கே போனாலும் முன்பணம் கட்டுவதற்கு முன், யார் கற்றுக்கொடுப்பார், எந்த மொழியில், ஒரு வகுப்பில் எத்தனை பேர், நடுவில் காயம்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பயணக் காப்பீட்டில் சண்டைப் பயிற்சிக் காயத்துக்குப் பணம் தருவார்களா என்றும் பாருங்கள், பல திட்டங்களில் தர மாட்டார்கள்.